அக்காவின் பித்தநீரும் நான் கொடுத்த செட்டும்

எங்கள் ஊரில் பந்தல் போடுகிறவரிடம் போய் 'செட்' என்றால் மைக் செட், சீரியல் செட். என்னிடம் வந்து கேட்டால் மாத்திரை. ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டி மெடிக்கல் கடை வைத்து முப்பது வருஷம் ஆகிறது. மில்லில் ஷிப்ட் முடிந்து வருகிறவரோ, சேத்தூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவரோ, கவுன்டரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, "அண்ணாச்சி, காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்க" என்பார். என்ன காய்ச்சல், எத்தனை நாளாக என்று நான் கேட்டு முடிப்பதற்குள் அந்தப் பக்கம் கண்டக்டர் விசிலடித்துவிடுவார். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, வயிறு எரியாமல் இருக்க ஒன்று, அதோடு ஒரு ஆன்டிபயாடிக். அட்டையிலிருந்து கத்தரித்து, சின்னக் காகிதக் கவரில் போட்டு, மூணு வேளைக்கு மூணு கவர். அதுதான் செட்.

இது தப்பு என்று எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். டி.பார்ம் படித்துவிட்டு, சர்ட்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் கொடுக்கக் கூடாது. கொடுத்தாலும் மூணு வேளையோடு நிறுத்தக் கூடாது. ஆனால் நான் கொடுக்கவில்லை என்றால் எதிர்க்கடைக்காரன் கொடுப்பான், அவனுக்கு ஒரு எழவும் தெரியாது, நானாவது தெரிந்து கொடுக்கிறேனே என்று ஒரு சமாதானம். அந்த மாத்திரை உள்ளே போய் எதை அடிக்கிறது, எதை விட்டுவைக்கிறது என்று ஒரு நாளும் யோசித்தவன் இல்லை. யோசிக்க வைத்தது என் அக்காவின் வயிறு.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக இருந்து ரிட்டயர் ஆனவள். அத்தான் காலமாகிப் பல வருஷம் ஆயிற்று, பிள்ளை இல்லை. கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு தெருவில் தனியாக இருக்கிறாள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோ காலில் வருவாள். கடையில் கூட்டமாக இருந்தாலும் எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் அடுத்த நாள் விசாரணை நடக்கும். போன வருஷம் ஒரு நாள் போனில் அவள் முகம் மஞ்சளாகத் தெரிந்தது. "என்னக்கா, லைட்ட மாத்திட்டியா? மஞ்ச பல்பு மாதிரி இருக்கே" என்றேன். "போன்தான் பழசாயிருச்சு" என்றாள். ரெண்டு பேரும் நாலு நாள் அந்த போனையே திட்டிக்கொண்டிருந்தோம். படித்தவர்கள் பாருங்கள்!

அஞ்சாவது நாள் ஏதோ உறுத்தி, பஸ் ஏறிப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். கண் ரெண்டும் அப்படியே மஞ்சள். கையெல்லாம் நகக்கீறல்.

"ஒரு வாரமா ஒடம்பெல்லாம் ஒரே ஊரல்லே, சொறிஞ்சு மாளல. சோப்ப மாத்திப் பாத்தேன்" என்றாள்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சோப்ப மாத்துறதுக்கு ஒங்கிட்ட எதுக்கு சொல்லணும்?"

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தோம். சர்ஜன் நிதானமான மனிதர். காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். கணையத்தின் தலைப் பக்கத்தில் ஒரு கட்டி. அது பக்கத்தில் போகும் பித்தக் குழாயை அமுக்குகிறது. பித்தநீர் குடலுக்கு இறங்க வழியில்லாமல் ரத்தத்தில் ஏறுகிறது, அதனால்தான் மஞ்சள், அதனால்தான் ஊரல். கணையத்தில் கட்டி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அக்கா என்னவோ சாவகாசமாகக் கேட்டாள்: "பித்தம் தலைக்கு ஏறிருச்சுன்னு இவன் சின்ன வயசுலேர்ந்து என்னச் சொல்லுவான் டாக்டர். அப்ப அது நெசந்தானா?" சர்ஜன் சிரித்துவிட்டார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் சொன்னாள்: "கணையங்கிற வார்த்தைய நான் எத்தனையோ தடவ டைப் அடிச்சிருக்கேன்லே. கொலைக் கேஸ்ல போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டு வரும். கல்லீரல், மண்ணீரல், கணையம்னு வரிசையா வரும். எல்லாத்துக்கும் ஏதாவது எழுதியிருப்பான். கணையத்துக்கு மட்டும் 'வெளிறியிருந்தது'ன்னு ஒரே வார்த்த. வக்கீலும் அதப் பத்தி ஒரு கேள்வி கேட்டதில்ல. அதான் எங்கிட்ட வந்து நிக்குது போல." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உடனே ஆபரேஷன் செய்ய முடியாது, முதலில் மஞ்சள் இறங்க வேண்டும் என்றார்கள். வாய் வழியாக டியூப் விட்டு, பித்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் என்று ஒரு சின்னக் குழாயை வைத்தார்கள். பித்தநீர் இறங்க வழி கிடைத்தது. ஆறு வாரம் கழித்து ஆபரேஷன். வீட்டுக்கு அனுப்பும்போது சர்ஜன் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "குளிர் காய்ச்சல் வந்தா வீட்ல வச்சுப் பாக்காதீங்க. நேரா இங்க வந்துருங்க." நான் பலமாகத் தலையாட்டியது இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பத்தாவது நாளே வந்தது. மத்தியானம் போன் அடித்தாள், பல்லு கிடுகிடுவென்று அடிப்பது போனிலேயே கேட்டது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? கார் பிடித்து மதுரைக்குக் கொண்டு போயிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? அட்மிட் பண்ணுவான், அந்த டெஸ்ட் இந்த டெஸ்ட் என்பான், ஆபரேஷன் தேதி தள்ளிப் போகும் என்று நானே கணக்குப் போட்டு, செட்டைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். காய்ச்சல் மாத்திரை, வயிற்றுக்கு ஒன்று, செஃபிக்ஸிம் ஒன்று. மூணு வேளை. மறுநாள் காலையில் அக்கா இட்லி அவித்துக்கொண்டிருந்தாள். எனக்கு எம்புட்டுப் பெருமை! பெரிய ஆஸ்பத்திரி என்ன, நம்ம செட்டு என்ன என்று வீட்டுக்காரியிடம் பீற்றிக்கொண்டேன். ஆறு வாரத்தில் இது மூணு தடவை நடந்தது. மூணு தடவையும் அதே செட்.

ஆபரேஷனுக்கு ரெண்டு நாள் முன்னால் அட்மிஷன். ஒரு நர்ஸ் ஃபாரத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டது. சின்ன வயசுப் பெண். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட வேண்டிய தாள்களை வழக்கம்போல ஒரு வரி விடாமல் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க என்ன பண்றீங்க சார்?"

"ஃபார்மஸிஸ்ட். சொந்தமா மெடிக்கல்."

"அப்ப உங்களுக்கு நான் விளக்கவே வேணாம் சார். மூணு மாசத்துல வெளிய ஏதாவது ஆன்டிபயாடிக் எடுத்தாங்களா?"

"இல்ல."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. எங்கள் ஊரில் ஆன்டிபயாடிக் என்றால் டாக்டர் எழுதுவது. அஞ்சு நாள் கோர்ஸ், பால் குடிக்கலாமா, வாய் கசக்குமா என்று கேள்வி வரும் பெரிய விஷயம். செட் என்றால் செட். அதற்குள் இருக்கிறதை யாரும் பேர் சொல்லிக் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. கேன்டீனில் டீ வாங்கி ஒரு வாய் குடித்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. மூணு மூணு ஒன்பது வேளை செஃபிக்ஸிம் கொடுத்திருக்கிறேன்! டீயை வைத்துவிட்டு எழுந்தேன். படிக்கட்டு வரை போனேன். "சார், ஃபார்மஸிஸ்ட்டுன்னு சொன்னீங்களே" என்று அந்தப் பெண் கேட்டால் மூஞ்சியை எங்கே கொண்டு வைப்பது என்று தோன்றியது. ஒன்பது மாத்திரை என்ன பெரிய விஷயம் என்று திரும்பி வந்துவிட்டேன். டீ ஆறிப்போயிருந்தது, அதையும் குடித்தேன்.

மறுநாள் லேபிலிருந்து ஒரு பெண் வந்தது. கிருஷ்ணன்கோவில் காலேஜில் படித்த பிள்ளையாம். பேச்சிலேயே நம்ம பக்கம் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் புதிதாக ஓர் ஆய்வு நடக்கிறது, சேர்ந்துகொள்ள சம்மதமா என்று அக்காவிடம் கேட்டது.

"இந்த ஆபரேஷன்ல கணையத்தோட தலைய எடுத்துட்டு, மிச்சத்தக் குடலோட இணைப்போம்மா. அந்த ஒட்டுப் போட்ட இடத்துல சில பேருக்குக் கசிவு வரும். கசிவுல கிருமி சேந்துட்டா ரொம்ப ஆபத்து. ஸ்டென்ட் வச்சவங்களுக்குப் பித்தநீர்லயே கிருமி இருக்கும், குடல்லேர்ந்து அந்தக் குழாய் வழியா ஏறிரும். அது என்ன கிருமி, எந்த மருந்துக்கு மசியும்னு கல்ச்சர்ல பாக்க ரெண்டு மூணு நாள் ஆகும். அதுக்குள்ள வர்றது வந்துரும்."

"கல்ச்சர்னா?" என்றாள் அக்கா.

"கிருமிய வளத்துப் பாக்குறதும்மா. தயிருக்கு ஒற ஊத்தி வச்சுட்டுக் காத்திருக்கோம்ல, அது மாதிரி. புது மெஷின்ல வளக்க வேணாம். கிருமிக்குள்ள இருக்கிற மரபணுவ நேரா வாசிச்சிரலாம். அஞ்சாறு மணி நேரத்துல என்ன கிருமின்னு தெரிஞ்சுரும். எந்த மருந்த எதுக்குற ஜீன் அதுகிட்ட இருக்குன்னும் தெரிஞ்சுரும்."

"வாசிக்கிறதுன்னா எழுத்து இருக்கணுமே. எம்புட்டு எழுத்து?"

"நாலுதாம்மா. ஏ, டி, ஜி, சி."

அக்காவுக்கு அதைக் கேட்டதும் உடம்பில் தெம்பு வந்தது போல நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நாலே எழுத்தா! நாலு கீய வச்சு ஒரு கிருமியவே அடிச்சிருக்கானா? எம்புட்டு நீளத்துக்கு அடிச்சிருப்பான்? நடுவுல ஒரு எழுத்து தப்பா அடிச்சிருந்தா?"

"தப்பு வரும்மா. கிருமி ஒண்ணு ரெண்டாகுறப்ப அப்பப்ப வரும். சில தப்பு அதுக்கு நல்லதா அமைஞ்சிரும், மருந்துலேர்ந்து தப்பிச்சுக்கிடும்."

"சரியாப் போச்சு போ. எங்க கோர்ட்டுல ஒரு எழுத்து தப்பா அடிச்சு ஒருத்தன் விடுதலையே ஆயிருக்கான்" என்று சொல்லிவிட்டு, எல்லாத் தாளையும் வாசித்துத்தான் கையெழுத்துப் போட்டாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆபரேஷன் அன்று காலை ஏழு மணிக்கு உள்ளே கொண்டு போனார்கள். வெட்டுவதற்கு முன்னால் எல்லாருக்கும் போடும் ஆன்டிபயாடிக் ஊசியைப் போட்டிருப்பார்கள். எது என்று எனக்குத் தெரியும். செஃபிக்ஸிமுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், ஒரே குடும்பம். அந்த நினைப்பு வந்ததும் உட்கார முடியவில்லை. பத்து மணி இருக்கும், லேப் பெண் ஒரு சின்ன டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாகப் போனது. அக்காவின் பித்தநீர். நான் பின்னாலேயே போய் லேப் கதவருகே நின்றுகொண்டேன்.

"உள்ள வரக் கூடாது சார்."

"வரலம்மா. இங்கேர்ந்தே பாத்துக்கிடுதேன். நானும் மருந்துக்காரன்தான்."

ரொம்ப நேரம் என்னென்னவோ திரவத்தை ஊற்றியது, எடுத்தது, சுற்ற விட்டது. மத்தியானம் சாப்பிடப் போகாமல் நான் நிற்பதைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும், கதவோரம் வந்து சொல்ல ஆரம்பித்தது. கிருமியை உடைத்து உள்ளே இருக்கும் மரபணு நூலை மட்டும் பிரித்தாகிவிட்டது. இனி வாசிக்க வேண்டியதுதான். மெஷினைக் காட்டியது. எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. ஃப்ரிட்ஜ் அளவில் இருக்கும் என்று நினைத்திருந்தேன். பில் குத்த என் கடையில் வைத்திருக்கிற ஸ்டேப்ளர் அளவுதான் இருந்தது, ஒரு ஒயரால் லேப்டாப்பில் மாட்டியிருந்தது.

"இதாம்மா வாசிக்குதா? எப்படி?"

"உள்ள கண்ணுக்குத் தெரியாத ஓட்டை நெறைய இருக்கு சார். ஒவ்வொரு ஓட்டையிலயும் கொஞ்சூண்டு கரன்ட் ஓடிட்டே இருக்கும். நூல் அதுக்குள்ள நுழைஞ்சு போறப்ப, ஒவ்வொரு எழுத்துக்கும் கரன்ட் ஒரு மாதிரி மாறும். அந்த மாற்றத்த வச்சு எழுத்தக் கண்டுபிடிக்குது."

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. எங்கள் ஊர் மில்லில் கோன் சுற்றும் மெஷினில் நூல் ஒரு சென்சார் வழியாக ஓடும். எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று அது ஓட ஓடப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதில் வேலை பார்க்கிறவர்கள்தான் என்னிடம் வந்து கைவலிக்கு மாத்திரை வாங்குகிறார்கள். "அட, அதேதானா!" என்றேன். அந்தப் பிள்ளைக்கும் சந்தோஷம். லேப்டாப்பில் கோடு கோடாக ஓடியது, அதற்குக் கீழே எழுத்து ஓடியது. ஏ ஏ டி ஜி சி டி டி. என் அக்காவின் வயிற்றுக்குள் குடியிருந்தவன் தன் ஜாதகத்தைத் தானே ஒப்பிக்கிறான். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பயம் கொஞ்ச நேரம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

ரெண்டரை மணிக்குச் சர்ஜன் வெளியே வந்தார். கட்டியை முழுசாக எடுத்தாகிவிட்டது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார். கணையம் மட்டும் ரொம்ப மெத்தென்று இருந்தது, தையல் நிற்குமா என்று அஞ்சாறு நாள் பார்க்க வேண்டும் என்றார். நான் கும்பிட்டேன். அவர் போன கொஞ்ச நேரத்தில் லேப் பெண் ஒரு தாளோடு வந்து அவரைப் பிடித்தது. ரெண்டு பேரும் எனக்குப் பத்தடி தள்ளித்தான் நின்றார்கள்.

"ரெண்டு வகைக் கிருமி சார். ஒண்ணுல இந்தக் குடும்ப மருந்தையே உடைக்கிற ஜீன் இருக்கு. இப்ப நாம போடுற ஊசி கேக்காது."

சர்ஜன் தாளைப் பார்த்தார், கேஸ் ஷீட்டைப் புரட்டினார். "வெளிய ஆன்டிபயாடிக்கே எடுக்கலைன்னு இருக்கே. காய்ச்சல் வந்ததாவும் எழுதல. அப்படி ஒருத்தருக்கு இந்த ஜீன் இவ்வளவு அழுத்தமா எப்படி வரும்? இன்னிக்குப் பக்கத்து தியேட்டர்லயும் ஒரு பித்தநீர் எடுத்தாங்கல்ல?"

"ஆமா சார்."

"சாம்பிள் மாறிருக்குமோ?"

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. "நானே கையில வாங்கிட்டுப் போனேன் சார்."

"உன்னச் சொல்லலம்மா. மெஷின் புதுசு. இந்த மாதிரிக் கிருமிக்குன்னு இருக்கிற பெரிய மருந்த ஆரம்பிச்சா லேசுல நிறுத்த முடியாது, எடுத்ததும் அதக் கொடுக்கவும் கூடாது. கல்ச்சர் வரட்டும். ரெண்டு நாள் பாப்போம்."

ரெண்டு நாள்! அதற்குள் வர்றது வந்துரும் என்று அந்தப் பிள்ளை சொன்னது காதிலேயே நின்றது. மெஷின் உண்மையைத்தான் சொல்கிறது. அது சொல்வதை நம்ப விடாமல் குறுக்கே நிற்பது நான் சொன்ன 'இல்ல' என்ற மூணெழுத்து. சர்ஜன் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார். முப்பது வருஷம் சுவரில் மாட்டியிருக்கிற அந்தச் சர்ட்டிபிகேட் ஒரு நிமிஷம் கண் முன்னால் வந்து போனது. நாசமாகப் போகட்டும் என்று ஓடினேன்.

"டாக்டர், செத்த நேரம் நில்லுங்க. சாம்பிள் மாறல."

நின்றார்.

"காய்ச்சல் வந்துச்சு. மூணு தடவ வந்துச்சு. நாந்தான் மாத்திரை குடுத்தேன். ஃபாரத்துல பொய் சொன்னதும் நாந்தான்."

"என்ன மாத்திரை?"

"செஃபிக்ஸிம். ஒவ்வொரு தடவையும் மூணு வேளை. காய்ச்சல் விட்டதும் நிறுத்திட்டேன்."

"மூணு வேளைன்னா? என்ன கணக்கு அது?"

"செட்டு டாக்டர். எங்க பக்கம் அப்படித்தான் குடுப்போம்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம். அவர் பேனாவை எடுத்து, எந்தெந்த வாரம், கடைசியாக எப்போது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். நர்ஸைக் கூப்பிட்டு மருந்தை மாற்றச் சொன்னார். பிறகு என்னிடம், "இத முந்தாநாள் சொல்லிருந்தீங்கன்னா, கத்தி வைக்கிறதுக்கு முன்னாடியே சரியான ஊசி போட்டிருப்போம்" என்றார். அவ்வளவுதான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. நாலரை மணிக்குப் புது மருந்து அக்காவின் கையில் ஏறுவதை ஐ.சி.யூ. கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

மூணாம் நாள் கல்ச்சர் வந்தது. லேப் பெண் என்னைத் தேடி வந்து, "சார், பாக்கணும்னா வாங்க" என்றது. கோபம் இல்லை அதற்கு. வட்டமான மூடிய தட்டு, அதில் கிருமி வெள்ளைப் படலமாகப் படர்ந்திருந்தது. நடுவில் பொட்டு வைத்தது போல மருந்து தடவிய காகித வில்லைகள். ஒரு வில்லையைச் சுற்றி மட்டும் கிருமி இல்லாமல் வட்டமாகத் தெளிவாக இருந்தது. அதுதான் அக்காவுக்கு இப்போது போகும் மருந்து. இன்னொரு வில்லையின் ஓரம் வரைக்கும் கிருமி வந்து ஒட்டிப் படர்ந்திருந்தது. "இது உங்க மாத்திரையோட குடும்பம் சார்" என்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். முப்பது வருஷமாக விற்ற மருந்து. அதன் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது கிருமி.

"நான் குடுத்ததாலதான் இது வந்துச்சாம்மா?"

"அது மட்டுமேன்னு சொல்ல முடியாது சார். சிலது முன்னாடியே குடல்ல இருந்திருக்கும். நீங்க மூணு வேளை குடுத்தப்ப தாங்காதது செத்துச்சு, தாங்குனது பொழச்சுச்சு. நிறுத்தினதும் அதுக்கு எடம் தாராளமாயிருச்சு. மூணு தடவ அப்படி." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க அன்னிக்கு ஓடி வந்து சொல்லலைன்னா எங்க மெஷின யாரும் நம்பிருக்க மாட்டாங்க சார்" என்றது. அந்த ஆறுதலுக்கு நான் தகுதியானவனா என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

நாலாம் நாள் சர்ஜன் பயந்தது நடந்தது. வயிற்றோரம் வைத்திருந்த குழாயில் வருகிற நீரைச் சோதித்ததில் கசிவு இருந்தது. ஒட்டுப் போட்ட இடம் விட்டிருந்தது. அன்றைக்கு முழுவதும் நான் தெர்மாமீட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் நர்ஸ் அதை எடுத்துப் பார்க்கும்போது நானும் எட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டரை. சாயங்காலமும் தொண்ணூற்றெட்டரை. குழாயில் வந்த நீர் தெளிவாகவே இருந்தது. "கசியுது, ஆனா சுத்தமா இருக்கு. கிருமி சேரல. தானா அடைஞ்சிரும்" என்றார் சர்ஜன். அஞ்சு நாளில் அடைந்தும் விட்டது. நான் ஆம்பளை என்பதையெல்லாம் மறந்து கேன்டீனில் உட்கார்ந்து அழுதேன். பரிமாறுகிற அம்மா ஒன்றும் கேட்காமல் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது.

ஆபரேஷன் முடிந்து பத்தாவது நாள், சாதாரண வார்டு. காலை பதினொரு மணிக்கு நான் இட்லிப் பொட்டலத்தோடு போனபோது அக்கா தலையணையில் சாய்ந்து, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கேஸ் ஷீட்டை மடியில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் டேபிளில் விட்டுவிட்டுப் போனதாம். எனக்கு உயிர் போய்விட்டது.

"வாலே. உக்காரு. உன் பேச்செல்லாம் எழுதியிருக்கு" என்றாள். ஒரு வரியில் விரலை வைத்து இங்கிலீஷில் மெதுவாக வாசித்துத் தமிழில் சொன்னாள்: "நோயாளியின் தம்பி, மருந்துக்கடைக்காரர், முன்பு கொடுத்த தகவலைத் திருத்திக் கூறினார்." கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தாள். "முப்பது வருஷம் சாட்சி டைப் அடிச்சிருக்கேன்லே. பல்டி அடிச்ச சாட்சி எத்தனையோ பேரப் பாத்திருக்கேன். எல்லாம் நெசத்துலேர்ந்து பொய்க்குத்தான் போவானுவ. பொய்யிலேர்ந்து நெசத்துக்குப் பல்டி அடிச்சவன் நீ ஒருத்தன்தான்."

ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததையெல்லாம் மறந்துபோனேன். "அக்கா, அந்த நர்ஸ் புள்ள கேட்டப்ப நான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். நானும் பக்கத்துலதான இருந்தேன். நீ 'இல்ல'ன்னது என் காதுல விழுந்துச்சு."

"நீ தாள வாசிச்சிட்டிருந்தியே."

"வாசிச்சுக்கிட்டே கேக்குறதுதாம்லே என் பொழப்பு. கேட்டுக்கிட்டே அடிக்கலைன்னா எப்படி டைப்பிஸ்ட்டு? நீ குடுத்த கவர்ல என்ன இருந்துச்சுன்னும் தெரியும். அட்டையக் கத்தரிச்சிருந்தாலும் பாதிப் பேரு தெரிஞ்சுதே."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பொறவு ஏன்க்கா வாயத் தொறக்கல? நான்தான் மானத்துக்குப் பயந்து பொய் சொன்னேன், கிறுக்குப் பய. உனக்கென்ன? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"அந்தப் புள்ள உன்ன சார் சார்னு கூப்பிட்டுச்சு. நீயும் ஃபார்மஸிஸ்ட்டுன்னு நெஞ்ச நிமித்திச் சொன்ன. அது முன்னாடி உன்னப் பொய்யனாக்க மனசு வரல."

"உசுருக்கா! உன் உசுரு போயிருக்கும்!"

அக்கா கேஸ் ஷீட்டை மூடி ஓரமாக வைத்தாள். "ஆமாலே, என் உசுருதான? அதான் பேசாம இருந்தேன். உன் உசுரா இருந்தா அங்கனயே சொல்லிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கச் சொல்லிக் கையை நீட்டினாள்.